ஜப்பானில் நரியிடம் ஏமாந்த கதை உண்டா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஒசாகாவிலிருந்து:

கிட்சுனே, அதாவது மாய நரி பற்றிப் படித்த கதைகள் வேண்டாம். ஒன்பது வால், அழகான பெண்ணாக மாறுவது, இதையெல்லாம் அனிமே பார்க்கிற பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஜப்பானில் நீங்கள் நேரில் பார்த்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது, கூட வேலை பார்ப்பவர் சொன்னது, இவற்றை எழுதுங்கள். பேய்க்கதையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கியோட்டோவிலிருந்து:

ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் பகலில் போனால் மனிதத் தலைகள்தான் தெரியும். அதனால் இருட்டுகிற நேரமாகப் பார்த்து ஏறினேன். யோட்சுட்சுஜி என்ற சந்திப்பு வரை ஆட்கள் இருந்தார்கள், அதற்கு மேலே யாருமில்லை. மலை என்னவோ 233 மீட்டர்தான். ஆனால் வழிநெடுக பக்தர்கள் வைத்த குட்டிக் குட்டிக் கல் சன்னிதிகள். அவற்றின் முன்னால் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய நரிகள். ஒன்றின் வாயில் நெற்களஞ்சியச் சாவி, இன்னொன்றின் வாயில் நெற்கதிர். இனாரி நெல்லுக்கான தெய்வம், நரி அதன் தூதர் மட்டுமே. இதெல்லாம் தெரிந்துதான் போனேன். இருந்தாலும் அந்த மங்கல் வெளிச்சத்தில் அத்தனை முகமும் நம்மையே பார்த்தால் என்ன செய்வது?

பின்னால் புதரில் சரசரப்பு. நான் நின்றால் அதுவும் நின்றது, நடந்தால் அதுவும் நடந்தது. டோரி என்ற கோயில் வாசல் வளைவுகளுக்குள் ஓட்டமாக ஓடி இறங்கி, கடையைச் சாத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "காட்டுப்பன்றி. பலகையைப் பார்க்கவில்லையா?" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நரியாக இருந்தால் சத்தமே கேட்டிருக்காது."

குன்மாவிலிருந்து:

எங்கள் ஊர் மலையடிவாரத்துச் சிற்றூர். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா ஒருமுறை கல்யாண விருந்துக்குப் போய்விட்டு, கையில் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பெட்டியோடு ராத்திரி திரும்பியிருக்கிறார். பெட்டியில் மீனும் பொரித்த டோஃபுவும். நரிக்குப் பொரித்த டோஃபு என்றால் உயிர் என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும், பொரித்த டோஃபு போட்ட நூடுல்ஸுக்குக் கிட்சுனே உடோன் என்று பெயர் வந்ததே அதனால்தான். தெரிந்த வரப்பு, தினமும் நடக்கிற வழி. ஆனால் நடக்க நடக்க வீடு வரவில்லை. விடிந்து பார்த்தால் ஒரே வயலைச் சுற்றிச் சுற்றி அவருடைய காலடித் தடம், பெட்டி காலி.

"நரி எடுத்துக்கொண்டது" என்றார் பாட்டி. குரலில் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்ததைச் சொல்வது போலச் சொன்னார். கேட்ட கதையைவிட அந்தத் தொனிதான் எனக்கு ஆச்சரியம்.

தற்காப்பும் சொல்லிக் கொடுத்தார். இருட்டில் போகும்போது விரலில் எச்சில் தொட்டுப் புருவத்தில் தடவிக்கொள்ளணும். நரி நம் புருவ முடியை எண்ணிவிட்டால் நாம் அவ்வளவுதான். எச்சிலில் முடி ஒட்டிக்கொண்டால் எண்ண முடியாதாம்.

"உங்களை ஏமாற்றியிருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லையாம், அப்பா காலத்தோடு சரி. இதே குன்மாவில் உவேனோ கிராமத்தில் வாழ்ந்த தத்துவ அறிஞர் உச்சியாமா தகாஷி பல ஊர்களில் விசாரித்துவிட்டு, நரியிடம் ஏமாந்த புதிய கதைகள் 1965 வாக்கில் நின்றுவிட்டன என்று எழுதியிருக்கிறார். டிவி வந்தது, பிள்ளைகள் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று கிராமத்து ஆட்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். பழைய காட்டை அழித்து ஒரே வகை மரத்தை நட்ட பிறகு நரிகளுக்கே அந்தத் திறமை போய்விட்டது என்பதும் அதில் ஒன்று. என் ஓட்டு அதற்குத்தான்.

யோகோஹாமாவிலிருந்து:

கல்யாண வீட்டிலிருந்து வந்தவர் என்றால் சாகே எவ்வளவு உள்ளே போயிருந்தது என்று கேட்டீர்களா அண்ணா?

குன்மாவிலிருந்து:

கேட்டேன் தம்பி. "குடித்திருந்தால் நரிக்கு வேலை சுலபம்" என்றார்.

சிபாவிலிருந்து:

என்னுடையது சின்ன விஷயம். வெயிலடிக்கும்போதே மழை தூறியது. மழலையர் பள்ளியில் ஆசிரியை, "இன்று நரிக்குக் கல்யாணம்" என்று சொன்னாராம். மகள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். வீடியோ காலில் இருந்த என் அம்மா, "ஆமாண்டி, காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்" என்றார். ஜப்பானில் நரி நரியைத்தான் கட்டிக்கொள்ளும். ராத்திரியில் வரிசையாகத் தெரியும் நரி நெருப்பு என்ற மாய ஒளியைக்கூடக் கல்யாண ஊர்வலத்தின் விளக்குகள் என்பார்கள். காக்காய் எப்படி நடுவில் வந்தது என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உட்சுனோமியாவிலிருந்து:

நாசுவில் உள்ள செஷ்ஷோசெகி என்ற கொலைக்கல்லைப் பார்க்க அலுவலக நண்பர்களோடு போயிருந்தேன். தோபா பேரரசரை மயக்கிய தமாமோ நோ மாயே என்ற ஒன்பது வால் நரி கொல்லப்பட்ட பிறகு கல்லாக மாறியது என்பது ஐதீகம். அழுகிய முட்டை நாற்றம் தூரத்திலேயே வந்துவிடும். எரிமலை வாயு அது. 1689-இல் கவிஞர் பாஷோ இங்கே வந்தபோது, தரை தெரியாதபடி தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் செத்துக் கிடந்ததாக எழுதியிருக்கிறார். 2022 மார்ச்சில் கல் இரண்டாகப் பிளந்தது. விரிசலில் இறங்கிய மழைநீர் உறைந்து பிளந்திருக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்தில் எட்டுக் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. வாயுதான் காரணமாக இருக்கும். ஆனாலும் எங்கள் குழுவில் ஒருவர் கல்லோடு போட்டோ எடுக்க மாட்டேன் என்று கடைசிவரை மறுத்துவிட்டார்.

இன்னொன்று. அந்த நரி முதலில் மகதத்தில் ஒரு இளவரசனைக் கெடுத்து, பிறகு சீனாவில் ஓர் அரசனைக் கெடுத்து, அப்புறம்தான் ஜப்பான் வந்ததாம். இதைச் சொன்னதும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்வேன், விசா கொடுத்தது அவர்கள்.

மட்சுவேயிலிருந்து:

இங்கே இசுமோ பக்கம் இவ்வளவு சிரிப்பாகப் பேச மாட்டார்கள். சில குடும்பங்கள் நரியை வளர்க்கின்றன, பிடிக்காதவர் மேல் ஏவிவிடுகின்றன என்ற பேச்சு தலைமுறைகளாக இருந்தது. பெரும்பாலும் திடீரென்று பணம் சேர்ந்த குடும்பத்தின் மேல்தான் இந்தப் பழி விழுந்திருக்கிறது. அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். என் மேலதிகாரியின் அத்தைக்கு நிச்சயம் ஆன கல்யாணம் இதனால் நின்றுபோனது. நரி வந்ததை யாரும் பார்க்கவில்லை, கல்யாணம் நின்றதை மட்டும் ஊரே பார்த்தது.

சப்போரோவிலிருந்து:

இங்கே நிஜ நரி சாலையோரம் வந்து நாய்க்குட்டி மாதிரி நிற்கும். தொடாதீர்கள், தீனியும் போடாதீர்கள். எக்கினோகாக்கஸ் என்ற ஒட்டுண்ணி அதன் மலத்தில் பரவுகிறது, மனிதருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். காட்டு ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கவும் கூடாது.

ஒசாகாவிலிருந்து:

மட்சுவே நண்பர் எழுதியது இதுவரை எனக்குத் தெரியாது. ஆண்டு முடிவில் டோக்கியோ போகிறேன். ஓஜி நரி ஊர்வலம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

டோக்கியோவிலிருந்து:

டிசம்பர் 31 இரவு, ஷோசோகு இனாரியிலிருந்து ஓஜி இனாரி வரை. டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ வட்டாரத்து நரிகளெல்லாம் அன்று ஒரு மரத்தடியில் கூடி உடை மாற்றிக்கொண்டு போவதாகப் பழைய நம்பிக்கை. ஓவியர் ஹிரோஷிகே 1857-இல் வரைந்த படத்தில் அந்த நரிகளும் நெருப்பும் இருக்கின்றன. எவ்வளவு நெருப்பு தெரிகிறதோ அதை வைத்து விளைச்சலைக் கணிப்பார்களாம். இப்போதைய ஊர்வலம் 1993-இல் உள்ளூர்க்காரர்கள் தொடங்கியது, முகமூடியும் லாந்தருமாக நடப்பார்கள். ஓஜி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கையுறை மறக்காதீர்கள், குளிர் பயங்கரம்.