அரைப்புள்ளி இல்லாமல் நின்ற கன்டெய்னர்

மண்ணடியிலிருந்து:

ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் இன்வாய்ஸ் அடிப்பது என் வேலை. போன வருஷம் சிங்கப்பூருக்கு ஒரு பாத்திர லோடு. பொருள் விவரத்தில் ‘டம்ளர், லார்ஜ், வித் லிட், பிளேட், ரோல்டு எட்ஜ், ஸ்பூன்’ என்று ஒரே வரியாக அடித்துவிட்டேன். அங்கிருந்து மெயில் வந்தது: மொத்தம் ஆறு பொருளா, மூன்றா? மூடி தனியாக வருகிறதா? பதில் எழுதி, இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் திருத்தி முடிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. கன்டெய்னர் மாதவரத்தில் சும்மா நின்றது. வாடகை எங்கள் தலையில்.

முதலாளி திட்டவில்லை. பேனாவை எடுத்து ‘லிட்’டுக்குப் பக்கத்துக் காற்புள்ளியின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தார். ‘எட்ஜ்’ பக்கத்தில் இன்னொன்று. அவ்வளவுதான், மூன்று பொருளும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. பட்டியலின் ஒரு உருப்படிக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், உருப்படிகளைப் பிரிக்க அரைப்புள்ளி வேண்டும். பன்னிரண்டு வருஷம் படித்தும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ராயபுரத்திலிருந்து:

தம்பி, நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். என் பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். ‘இட் ரெயின்டு ஆல் நைட், தி ஸ்ட்ரீட் ஃப்ளடட்’ என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். அப்புறம் புரிந்தது, அது தமிழ்ப் பழக்கம். ‘ராத்திரி முழுக்க மழை பெய்து, தெரு மூழ்கியது’ என்றால் ‘பெய்து’ வினையெச்சம். வாக்கியம் இன்னும் முடியவில்லை, காற்புள்ளி போதும். ஆங்கிலத்தில் ‘ரெயின்டு’ வினைமுற்று, வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. முடிந்த இரண்டைக் காற்புள்ளி மட்டும் சேர்த்துப் பிடிக்காது. அரைப்புள்ளி போடலாம், அல்லது காற்புள்ளிக்குப் பின் ‘அண்ட்’ சேர்க்கலாம். ‘ஹவெவர்’ வந்தால் ஏமாறக் கூடாது, அது ‘அண்ட்’ மாதிரி இணைக்காது: அதற்கு முன்னால் அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி.

இப்போது அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் தனியாக நின்றால், காற்புள்ளியை நீக்கிவிட வேண்டியதுதான்.

திருவொற்றியூரிலிருந்து:

சட்டம் படிக்கிறேன். மண்ணடி அண்ணன் சொன்னதைப் போலவே அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. மெய்ன் மாநிலச் சட்டத்தில் ஓவர்டைம் கிடையாத வேலைகளின் பட்டியல், ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடிந்தது. ‘ஆர்’ முன்னால் காற்புள்ளி இல்லை. வினியோகம் தனி வேலையா, வினியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டுமா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தில் வினியோகம் செய்யும் டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018-ல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தையே திருத்தினார்கள், வேலைகளுக்கு நடுவில் அரைப்புள்ளி போட்டு.

மண்ணடியிலிருந்து:

சரி, கடைசிப் பொருளுக்கு முன்னால் ‘அண்ட்’ வந்தாலும் இனி அங்கே ஒரு அரைப்புள்ளி போட்டுவிடுகிறேன். நாளைக்கு ஒரு லோடு இருக்கிறது, பதினான்கு உருப்படி.