ஆண்டு விழா கல்யாண மண்டபத்திலா, பள்ளி மைதானத்திலா? பெற்றோர் குழுவில் சண்டையாகிவிட்டது

தங்கச்சிமடம் தையல்காரி | 20 மார்ச் 2022

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ஐந்தாவதுதான் கடைசி வகுப்பு, ஜூனில் வேறு பள்ளிக்குப் போகவேண்டும். அதனால் ஆண்டு விழாவையும் ஐந்தாவது பிள்ளைகளை வழியனுப்பும் விழாவையும் சேர்த்து ஏப்ரல் 2, சனிக்கிழமை மாலை, ஒரு கல்யாண மண்டபத்தில் வைப்பதாகப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்கள். பாட்டு, ஆட்டம், பரிசு, கடைசியில் கீழ்த்தளத்தில் பிரியாணிப் பந்தி. பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாம் சேர்ந்தால் முந்நூறு பேருக்குக் குறையாது. அந்த மண்டபம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏசி போட்டார்கள் என்றால் சன்னல் ஒன்றுகூடத் திறந்திருக்காது.

குழுவில் நான் எழுதியது ஒரே ஒரு செய்திதான். "எங்கள் வீட்டில் மூச்சுக் கோளாறு உள்ள பெரியவர் இருக்கிறார். விழாவைப் பள்ளி மைதானத்தில் வைத்துக்கொள்ளலாமா?" அரை மணி நேரத்தில் நாற்பது பதில்கள் வந்துவிட்டன. "கொரோனா போய் ரெண்டு மாசமாச்சு", "பயமா இருந்தா வீட்டுல இருங்க", "ஒருத்தருக்காக எல்லாப் பிள்ளைகளும் வெயில்ல கிடக்கணுமா". இரண்டு அம்மாக்கள் மட்டும் தனியாக எனக்குச் செய்தி அனுப்பினார்கள். தங்களுக்கும் இதே கவலைதான், ஆனால் குழுவில் சொல்லத் தைரியம் இல்லை என்றார்கள்.

என் மாமியாருக்கு 64 வயது. இருபது வருடம் கருவாட்டு வேலை, வீட்டில் விறகடுப்பு. இப்போது இழுப்பு வந்தால் இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் விடியவேண்டும். தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாயிற்று, இரண்டாவது போன ஜூலை 18. என் மகளுக்குப் பத்து வயது. பன்னிரண்டு வயதானவர்களுக்கே இந்த 16ஆம் தேதியிலிருந்துதான் ஊசி போடுகிறார்கள், அவளுக்கு எப்போது என்று தெரியாது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. மாமியார் பக்கத்தில்தான் அவள் தூங்குவாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் அப்பா போன வருடம் மே மாதம் கொரோனாவில்தான் இறந்தார். ராமநாதபுரத்தில் இடம் கிடைக்காமல் மதுரைக்குக் கொண்டுபோனோம், ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று இருந்த காலம். ஊருக்கே வலை பொத்திக் கொடுத்த மனிதரை அடக்கம் செய்யும்போது எங்களோடு நின்றது பதினொரு பேர். ஆகவே யாராவது "கொரோனாவெல்லாம் சும்மா" என்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை, கை நடுங்குகிறது. என் நிதானம் இதில் சரியாக இல்லாமல்கூட இருக்கலாம். அதனால்தான் வெளியாட்களான உங்களிடம் கேட்கிறேன்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது என் மகள் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பில் ஒரு நாள்கூடப் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. ஐந்தாவதில் நவம்பர் 1 திறந்தார்கள், மழை விடுமுறை போக மிச்ச நாள் போனாள், ஜனவரியில் திரும்ப மூடி பிப்ரவரி 1தான் திறந்தார்கள். அவள் மேடை ஏறியே மூன்று வருடம் ஆகிறது. கும்மி ஆட்டத்துக்கு 22 பிள்ளைகளின் பாவாடை சட்டை தைப்பதும் நான்தான். என்னைக் குழுவில் திட்டிய அம்மாவின் பிள்ளைக்கும் அளவெடுத்து, வெட்டி வைத்திருக்கிறேன். என் மகளை மட்டும் அந்த ஆட்டத்திலிருந்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர், அன்று கடலில் இருப்பார். "தலைமையாசிரியரிடம் போய்ப் பேசு, குழுவில் எழுதாதே" என்கிறார். போனால் என்ன கேட்பது? எதைக் கேட்டால் நியாயம், எது அதிகப்படி?

பாம்பன் நாட்டுப்படகு | 20 மார்ச் 2022

தங்கச்சி, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது பெரிய துக்கம். அதை வைத்துக்கொண்டு உங்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களின் மனதையும் யாராவது சொல்லவேண்டும், நானும் ஒரு தகப்பன்.

என் மகன் நாலாவது. பள்ளி மூடுவதற்கு முன் எழுத்துக் கூட்டி வாசிப்பான், பக்கத்து வீட்டில் போய்க் கதை சொல்வான். இரண்டு வருடம் என்னோடு கரையில் கிடந்தான். வலையில் நண்டு கழற்றக் கற்றுக்கொண்டான், வாசிப்பை மறந்துவிட்டான். கல்வித் தொலைக்காட்சி பார் என்றால் கரண்டு இருக்காது, போனில் பார் என்றால் போன் என்னோடு கடலுக்கு வந்துவிடும். பிப்ரவரியில் திரும்பப் போனவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது அவன் பள்ளி விழா நாடகத்தில் அவனுக்கு நாலு வரி வசனம். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு அந்த நாலு வரியையும் சொல்லிப் பார்க்கிறான். அந்த விழாவுக்கு ஒருவர் குறுக்கே வந்தால் எனக்குக் கோபம் வரும், அதை மறைக்கமாட்டேன்.

மீன் ஏலத்தில் தோளோடு தோள் இடித்துத்தான் நிற்கிறோம். ராமேஸ்வரம் பேருந்தில் படியில் தொங்குகிறோம். கல்யாணத்துக்கு 500 பேர் வரை கூடலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. எல்லாம் நடக்கும்போது பிள்ளைகளின் ஒரு மாலைப்பொழுதில் மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தங்கச்சிமடம் தையல்காரி | 20 மார்ச் 2022

அண்ணே, உங்கள் மகன் அந்த நாலு வரியையும் மேடையில் சொல்லவேண்டும். மனதாரச் சொல்கிறேன். ஏலக்கடைக்கு என் மாமியார் போகாமல் இருந்துகொள்ளலாம், நாங்களும் அவரை விடுவதில்லை. பேத்தி ஆடுவதைப் பார்க்க வராதே என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அவரை விட்டுவிட்டு நாங்கள் போனாலும், மகள் திரும்பி வந்து அவர் பக்கத்தில்தானே படுப்பாள். மைதானத்தில் வைத்தால் உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் மேடை கிடைக்கும். மண்டபத்துக்குள் வைத்தால் பெரியவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள், ஏன் வரவில்லை என்றுகூட யாரும் கேட்கமாட்டார்கள்.

உச்சிப்புளி செவிலியர் (ஓய்வு) | 21 மார்ச் 2022

முப்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன், தடுப்பூசி முகாம்களுக்கு இப்போதும் கூப்பிட்டால் போவேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அம்மா.

நீங்கள் கேட்டது அதிகப்படி இல்லை. இந்தக் கிருமி மூச்சிலும் பேச்சிலும் வரும் நுண்ணிய துளிகளில் இருக்கிறது. அடைத்த அறையில் அது காற்றிலேயே தங்கும், சத்தமாகப் பாடினால் இன்னும் அதிகமாக வரும். திறந்த வெளியில், அதிலும் உங்கள் ராமேஸ்வரம் தீவுக் காற்றில், கலைந்துபோகும். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்துவிட்டால் போதும் என்று நிறைய இடங்களில் நினைக்கிறார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே பரப்புகிறவர்களை அந்தக் கருவி பிடிக்காது. கையில் சானிடைசர் ஊற்றுவதும் நல்லதுதான், ஆனால் ஏசி போட்ட மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு அது ஈடாகாது.

நீங்கள் இன்னும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. ஒத்திகை எங்கே நடக்கிறது? விழா ஒரு மாலை. ஒத்திகை இரண்டு வாரம், தினமும். 22 பிள்ளைகள் ஒரு வகுப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடி ஆடினால் எனக்கு மண்டபத்தைவிட அதுதான் கவலை. முதலில் ஒத்திகையை மரத்தடிக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பணம் வேண்டாம், யாரும் சண்டையும் போடமாட்டார்கள்.

இரண்டாவது, பந்தி. முகக்கவசத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கழற்றுவது சாப்பிடும்போதுதான். பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மாமியாருக்கு ஜூலை 18இல் இரண்டாவது தவணை என்றீர்கள். 60 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இந்த 16ஆம் தேதியிலிருந்து முன்னெச்சரிக்கை தவணை, அதாவது மூன்றாவது ஊசி, போடுகிறார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு 9 மாதம் ஆகியிருக்கவேண்டும். அப்படியென்றால் அவருக்கு ஏப்ரல் 18. விழா ஏப்ரல் 2. ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆனால்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். நாளைத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றாலும், விழா முடிந்து ஒரு வாரம் மகளை வேறு இடத்தில் படுக்க வையுங்கள், சன்னலைத் திறந்து போடுங்கள். மகளுக்குச் சளி, தொண்டை வலி என்றால் அன்றே பரிசோதனை செய்துவிடுங்கள். துணி மாஸ்க் போதாது, மாமியாருக்கு ஒரு என்-95 வாங்கிக் கொடுங்கள். இழுப்பு உள்ளவர்களுக்கு அதைப் போட்டால் மூச்சு முட்டலாம், வீட்டில் கால் மணி நேரம் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

பாம்பன் தம்பி சொன்ன பிள்ளையைப் போல நானும் நிறையப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். பள்ளி மூடிக் கிடந்ததும் ஒரு நோய்தான். அதற்கும் மருந்து வேண்டும்.

கீழக்கரை வாப்பா | 21 மார்ச் 2022

எங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் இதே தகராறு. நோன்பு ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறது, அதற்கு முன் முடிக்கவேண்டும் என்று மார்ச் முதல் வாரமே வைத்துவிட்டார்கள். கடைசியில் மைதானத்தில்தான் நடந்தது. எப்படி என்றால், குழுவில் பேசுவதை நிறுத்திவிட்டு ஆறு பேர் நேரில் போனோம். ஆறு பேரில் இரண்டு பேர் மண்டபம் வேண்டும் என்று சொன்னவர்கள். அதுதான் உதவியது. ஒரே கட்சியாகப் போயிருந்தால் பள்ளிக்காரர்களுக்கு அது புகாராகத்தான் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுது சாய்ந்ததும் வரும் மஃரிபு தொழுகைக்கு முன் முடித்தோம், வெயிலும் இல்லை, விளக்குச் செலவும் இல்லை. வாசலை ஒட்டிய இரண்டு வரிசையை வயதானவர்களுக்கு விட்டோம். என் உம்மா அங்கேதான் உட்கார்ந்தார், வாயில் துணியைப் பொத்திக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மேடையைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போட்டுவிட்டோம். ஒலிபெருக்கிச் சத்தம் முழுக்கத் தெருப்பக்கம் போனது, சின்னப் பிள்ளைகள் பாடியது பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை. என் மகள் அழுதுகொண்டே இறங்கினாள். பொட்டலம் 40 குறைந்து, அதற்கு ஒரு சண்டை. மைதானம் கேட்கிறவர்கள் மைதானத்து வேலையையும் ஏற்றுக்கொள்ளவேண்டும், அம்மா. நாற்காலி யார், பந்தல் யார், மைக் யார் என்று தயார் செய்துகொண்டு போங்கள். மண்டபத்தில் இதெல்லாம் வாடகையோடு வந்துவிடும். அதனால்தான் பாதிப் பேர் மண்டபம் என்கிறார்கள், கொரோனாவை நம்பாததால் இல்லை.

தங்கச்சிமடம் தையல்காரி | 24 மார்ச் 2022

நேற்று போனேன். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிய இரண்டு அம்மாக்களும் வந்தார்கள். குழுவில் என்னைத் திட்டிய அம்மாவையும் கூப்பிட்டேன், சட்டை அளவு பார்க்க வீட்டுக்கு வந்தவரிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு மண்டபம் ஏன் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் இளைய பிள்ளைக்கு வெயில் பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடுமாம். மாலை ஐந்துக்கு மேல் என்றால் எனக்கு ஒன்றும் இல்லை என்றார். நாற்பது செய்தியில் இது ஒரு தடவைகூட வரவில்லை.

செவிலியர் அம்மா சொன்னபடி ஒத்திகையைத்தான் முதலில் கேட்டேன். தலைமையாசிரியர் உடனே சரி என்றார், இன்று மாலையே வேப்பமரத்தடியில் ஆடினார்கள். பொட்டலத்துக்கும் சரி. இடம், நாள் இரண்டுக்கும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதே என்று யோசித்தார். என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன்: ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், பள்ளியும் இந்த வருடம் மே வரை இருக்கிறது. ஈஸ்டர் 17ஆம் தேதி முடிந்துவிடும். அப்பாக்கள் எல்லோரும் பார்க்க வருவார்கள், நாற்காலி போடவும் பந்தல் கட்டவும் அவர்களே போதும். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. எந்த ஆண்டு விழாவிலும் அம்மாக்கள்தான் இருப்பார்கள், அப்பாக்கள் வந்து பார்த்ததே இல்லை என்றார். மண்டபக்காரரிடம் பேசிவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதாக இருக்கிறார். மே முதல் வாரம் என்றால் மாமியாருக்கு ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

முன்பணம் திரும்ப வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. என் தையல் கூலியில் பாதியை விட்டுத்தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமியாரிடம் மாஸ்க் போட்டுப் பழகச் சொன்னேன். பத்து நிமிடம் தாங்குகிறார்.

பாம்பன் நாட்டுப்படகு | 24 மார்ச் 2022

தங்கச்சி, தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், எங்களுக்கு இல்லை. ஆனாலும் அன்று நான் கடலுக்குப் போகமாட்டேன். என் மைத்துனரிடம் மைக் செட் இருக்கிறது, வாடகை வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறேன். கீழக்கரைக்காரர் சொன்னதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மே மாதம் சாயங்காலம் சோழகக் காற்றுதான், தெற்கிலிருந்து வரும். மேடையைத் தென்சுவரை ஒட்டிப் போட்டு, சனங்களை வடக்கே உட்கார வைத்தால் பாட்டு கடைசி வரிசை வரைக்கும் வந்துவிடும். வேப்பமரக் கிளையில் ஒலிபெருக்கியைக் கட்டாதீர்கள், தனியாகக் கம்பு நடுங்கள். திங்கட்கிழமை என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். கம்பு என் வண்டியில் வரும்.