காப்பர் டி நூலைக் காணோம், ஸ்கேனிலும் இல்லை: விழுந்துவிட்டது என்று எழுதலாமா?

கேள்வி (மகப்பேறு செவிலியர்): காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) பொருத்தி 4 மாதம். பாலூட்டும் தாய். கருப்பை வாயில் சாதனத்தின் நூல் தெரியவில்லை, அல்ட்ராசவுண்டில் கருப்பை காலி. வலி, உதிரப்போக்கு எதுவும் இல்லை. சாதனம் வெளியே வந்ததை அவர் பார்க்கவும் இல்லை. தெரியாமலே விழுந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று பொருத்தலாமா?

பதில் 1: கூடாது. எக்ஸ்ரே பார்க்கும்வரை "விழுந்துவிட்டது" என்று பதிவேட்டில் எழுதவே வேண்டாம். முதலில் கர்ப்பப் பரிசோதனை. இல்லையென்று தெரிந்ததும் வயிறும் இடுப்புக்குழியும் முழுதாக வரும்படி எக்ஸ்ரே. இடுப்பை மட்டும் எடுத்து நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. கருப்பையைத் துளைத்து வெளியேறிய சாதனம் குடல் மேல் படரும் கொழுப்புத் திரைவரை ஏறியிருக்கலாம். செம்பு எக்ஸ்ரேயில் தெரியும். ஹார்மோன் வகைச் சாதனத்தின் பிளாஸ்டிக்கிலும் பேரியம் கலந்திருப்பதால் அதுவும் தெரியும். படத்தில் எங்குமே இல்லையென்றால்தான் விழுந்ததாக அர்த்தம். அது அப்படியொன்றும் அரிதல்ல, ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு நடக்கும், பெரும்பாலும் முதல் சில மாதங்களில்.

பதில் 2: பாலூட்டுகிறார் என்பதை லேசாக விடாதீர்கள். கருப்பை துளைபடுவது 1000 பொருத்தல்களில் 1 முதல் 2 வரைதான். ஆனால் பாலூட்டும் காலத்தில் பொருத்தினால் அபாயம் சுமார் 6 மடங்கு என்று 60,000-க்கும் மேற்பட்ட ஐரோப்பியப் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு காட்டியது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து கருப்பை சிறுத்து, சுவர் மெலிந்திருப்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். பொருத்துபவர் கைத்தவறும் உண்டு: கருப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பதைக் கையால் பார்த்து உறுதிசெய்யாதது, கருப்பை வாயைப் பிடித்து இழுத்து நேராக்காதது, ஆழம் அளக்காமல் செலுத்துவது. வலியே இல்லாமலும் துளைபடும், அதனால் "வலி இல்லை" என்பது ஆறுதல் தராது.

கேள்வி கேட்டவர்: வயிற்றுக்குள் இருந்து, தொந்தரவும் இல்லையென்றால் அப்படியே விடலாமா?

பதில் 3: எடுப்பதே நல்லது. செம்பு அழற்சியைத் தூண்டும். குடலும் கொழுப்புத் திரையும் அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் லேப்பரோஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே செய்யும் அறுவை) எடுத்துவிடலாம். இடம் தெளிவில்லை, குடலுக்குள் புதைந்திருக்குமோ என்ற சந்தேகம் என்றால் முன்பே சிடி ஸ்கேன். சிறுநீர்ப்பைக்குள் போனால் அதன்மேல் கல் படியும். திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் ரத்தம் என்று வருபவரிடம் காப்பர் டி பற்றிக் கேட்பவர்கள் குறைவு. சிறுநீர்ப்பைக்குள் போன சாதனத்தைச் சிஸ்டோஸ்கோபியில் (சிறுநீர்த் துளை வழியாகக் கேமராக் குழாய் செலுத்தி) எடுப்பார்கள். எடுக்கும்வரை ஆணுறையோ பாலூட்டும்போது ஏற்ற புரோஜெஸ்டின் கருத்தடை மாத்திரையோ கொடுங்கள், இப்போது அவருக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை.

பதில் 1: கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் வரிசை மாறும். கரு எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. காப்பர் டி கருக்குழாய்க் கர்ப்பத்தையும் சேர்த்தே குறைக்கிறது. ஆனால் அது உள்ளே இருந்தும் கர்ப்பம் தரித்தவர்களில் கருக்குழாய்க் கர்ப்பத்தின் பங்கு அதிகம். கரு கருப்பைக்குள் இருந்து, நூலும் தெரிந்தால் முதல் 12 வாரத்துக்குள் இழுத்து எடுத்துவிடுவார்கள். சீழ்பிடித்த கருச்சிதைவும் குறைப்பிரசவமும் குறையும். நூல் தெரியாவிட்டால் கருவி விட்டுத் துழாவக் கூடாது.