தருமபுரியில் ஒரே பூங்காவுக்குள் மைதானமும் மிருகக்காட்சி சாலையும்: வேண்டுமா, வேண்டாமா?

பென்னாகரம்_ரோடு:
சென்னை சென்ட்ரல் பக்கத்தில் முன்பு பீப்பிள்ஸ் பார்க் என்று பெரிய பூங்கா இருந்ததாமே. மிருகக்காட்சி சாலை, மைதானம் எல்லாம் அங்கேயே. நம் ஊருக்கு நடுவிலும் அப்படி ஒன்று வரவேண்டும். பையன்கள் பந்து விளையாடட்டும், குழந்தைகள் மான், மயில் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லை விட்டால் நமக்கு வேறு என்ன இருக்கிறது?

அதியமான்கோட்டை:
பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள் நண்பரே. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில், அதன் பொறுப்பாளர் பால்ஃபர் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலைதான் சில வருடங்களில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. பழைய ஆட்கள் ‘உயிர் காலேஜ்’ என்பார்களே, அதுதான். அப்போது பூங்கா நூறு ஏக்கருக்கு மேல். பிறகு விக்டோரியா ஹாலுக்குக் கொஞ்சம், 1900-இல் மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், 1913-இல் ரிப்பன் மாளிகைக்குக் கொஞ்சம் என்று போனது. 1956-இல் டெஸ்ட் போட்டி நடந்த மாநகராட்சி ஸ்டேடியமும் அந்தப் பூங்கா நிலம்தான். ‘ஒரு மூலைதானே’ என்று சொல்லித்தான் ஒவ்வொன்றும் வந்திருக்கும். கடைசியில் மிருகங்கள் 1985-இல் வண்டலூர் போயின. அங்கே 500 ஹெக்டேருக்கு மேல் இடம். தருமபுரிக்கு நடுவில் நீங்கள் எத்தனை ஏக்கர் காட்டுவீர்கள்?

பென்னாகரம்_ரோடு:
திருவனந்தபுரத்தில் மிருகக்காட்சி சாலை 1850-களிலிருந்து ஊருக்கு நடுவில்தான் இருக்கிறது. அதை மூடிவிட்டார்களா?

ஏரிக்கரை_வாக்கர்:
கோவை வ.உ.சி. பூங்கா மிருகக்காட்சி சாலையும் ஊருக்கு நடுவில்தான் இருந்தது. இடம் போதாது என்று 2022-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா.

இலக்கியம்பட்டி_அம்மா:
வண்டலூர், திருவனந்தபுரம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறீர்கள். நாலு பேர் கொண்ட குடும்பம் போய்வர பஸ், டிக்கெட், சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைக்கு ஒரு மானைக் காட்ட அத்தனை செலவு செய்ய முடியுமா? கார் இருக்கிறவர்களுக்கு எல்லா ஊரும் பக்கம்தான்.

அதியமான்கோட்டை:
நியாயமான கேள்விதான் அக்கா. ஆனால் சேலம் குரும்பப்பட்டியில் உயிரியல் பூங்கா இருக்கிறது, ஒகேனக்கல்லில் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அரசு செலவிலேயே அங்கே கூட்டிப்போகச் சொல்லிக் கேட்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் பயம் மைதானத்தைப் பற்றி. நம் ஊரில் மைதானம் என்றால் விளையாட்டு மட்டுமா? பொருட்காட்சி, கட்சிக் கூட்டம், நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர், தலைவர் வந்தால் சரவெடி. புள்ளிமான் மிரண்டால் வேலியில் போய் மோதும். காயமே படாவிட்டாலும், பயந்து ஓடிய அதிர்ச்சியில் செத்துப்போகலாம். ராத்திரி போட்டி வைத்தால் வெளிச்சம் வேறு. 

கபடி_பாலக்கோடு:
மிருகம் இருக்கட்டும். முதலில் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். ஜெர்சி மாற்ற மறைவாக ஓர் இடம் இல்லாமல் எங்கள் டீமில் எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் தெரியுமா?

பென்னாகரம்_ரோடு:
அதையும் கட்டட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? பொருட்காட்சியைப் பூங்காவுக்குள் விடக்கூடாது என்று விதி போட்டால் போச்சு. சிங்கம், புலி கேட்கவில்லை. மானும் மயிலும் போதும்.

ஏரிக்கரை_வாக்கர்:
மான், மயில் இரண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. காட்சிக்கு வைக்க அதே மத்திய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். டாக்டர், தீவனம், தனிமைக் கூண்டு எல்லாம் கேட்பார்கள். விதி போட்டுவிடலாம், ஆனால் தேர்தல் நேரத்தில் அந்தக் கேட்டை யார் பூட்டி வைப்பது? பேசாமல் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் கேளுங்கள். எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை நட்டால் தானாக வரும்.

பென்னாகரம்_ரோடு:
பட்டாம்பூச்சி எங்கள் கொல்லையிலேயே பறக்கிறது சார். என் பேத்தி கேட்பது மான்.