அடையாறு வெள்ளக் கணிப்பு: ரேடார் படம் இருந்தால் போதுமா?

ஆற்றுமட்டம்: "டாப்ளர் ரேடார் மழையை எஸ்ஆர்டிஎம் (விண்ணோடத்திலிருந்து ரேடாரில் எடுத்த) உயர வரைபடத்தில் ஏற்றினால் அடையாற்று வெள்ளத்தைத் தெருவாரியாகச் சொல்லிவிடலாம்" என்று கிரிட்30 எழுதியிருக்கிறார். ரேடார் மழையை அளப்பதில்லை சார், எதிரொலியைத்தான் அளக்கிறது. எதிரொலியின் வலிமை 45 டிபிஇசட் (அதன் அலகு) என்று வையுங்கள். அதை மழையாக மாற்றும் மார்ஷல்-பால்மர் சமன்பாட்டில் (குணகம் 200, அடுக்கு 1.6) போட்டால் மணிக்கு 24 மி.மீ. வெப்பமண்டலச் சமன்பாட்டில் (250, 1.2) போட்டால் 56. நீங்கள் எதைப் போட்டீர்கள்?

கிரிட்30: மழைமானியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வோம். பாலபாடம் எடுக்க வேண்டாம்.

ஆற்றுமட்டம்: கேட்டது அது இல்லை. 24-ஆ, 56-ஆ? கொட்டித் தீர்க்கும்போது டிப்பிங் பக்கெட் மானியே (சிறு வாளி நிரம்பிக் கவிழ்வதை எண்ணும் மழைமானி) குறைத்துக் காட்டும். அதை வைத்துத் திருத்தினால் ரேடார் மழையும் குறையும்.

களஅளவை: மழையை விடுங்கள். எஸ்ஆர்டிஎம்முக்கு வைத்த உயரப் பிழை வரம்பே 16 மீட்டர். அதுவும் கூரை, மரம் எல்லாம் சேர்ந்த உயரம். ஆற்றின் அடிமட்டம் அதில் கிடையாது. படகில் எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) கட்டி ஆற்றின் குறுக்குவெட்டு எடுத்தாக வேண்டும். மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேலே போகிறது. உயர வரைபடத்திலிருந்து அந்தத் தளத்தை வெட்டி எடுக்காமல் கணினி மாதிரியை ஓட்டினால் அதில் அது அணையாகிவிடும். அனகாபுத்தூர் பொய்யாக மூழ்கும், சைதாப்பேட்டை காய்ந்து கிடக்கும்.

கிரிட்30: லைடார் (லேசரில் எடுக்கும் உயர அளவீடு) வந்த பிறகும் எஸ்ஆர்டிஎம்மையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அதைச் சொல்ல ரேடாரே வேண்டாம்.

ஆற்றுமட்டம்: பதில் இல்லையென்றதும் ஏரியை இழுக்கிறீர்கள். அன்றைய மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. ஆதனூர், முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் செம்பரம்பாக்கம் மதகு வழியாக வருவதே இல்லை. அதை முன்கூட்டிச் சொல்ல ரேடார்தான் வேண்டும், சரியான சமன்பாட்டோடு. 24-ஆ, 56-ஆ?

கிரிட்30: கிடை, நிமிர்வு என இரண்டு அலைகளையும் பயன்படுத்தும் இரட்டை முனைவாக்க ரேடாரில் கேடிபியை (அந்த இரண்டு அலைகளுக்கும் இடையே கிலோமீட்டருக்கு வரும் கட்ட வேறுபாடு) வைத்து மழையை எடுக்கலாம். உங்கள் சமன்பாடு தேவையே இல்லை.

ஆற்றுமட்டம்: லேசான மழையில் கேடிபி வெறும் இரைச்சல். அங்கே திரும்பவும் இந்தச் சமன்பாட்டுக்குத்தான் வரவேண்டும். போன பருவமழை விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

களஅளவை: ஓடுபாதையை வெட்டினாரா என்று இன்னும் சொல்லவில்லை. முகத்துவார மணல்திட்டை எந்த மட்டத்தில் வைத்தார் என்பதையும் சொல்லட்டும்.

கிரிட்30: என் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்காதவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஆற்றுமட்டம்: பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். எந்தச் சமன்பாடு என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.