62 கிணறுகள் ஒன்று சொல்கின்றன, 41 மனிதர்கள் வேறொன்று சொல்கிறார்கள்: ஆய்வேட்டில் எதை எழுதுவது?

கேள்வி – நான்காமாண்டு ஆய்வாளர்

என் முனைவர் பட்ட ஆய்வுக்கு இரண்டு நெறியாளர்கள். ஒருவர் நிலத்தடி நீரியல், மற்றவர் சமூகவியல். நான்காம் இயலின் வரைவை இருவருக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். திருத்தங்களோடு வந்த பிரதிகளை அருகருகே வைத்துப் படித்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

ஒரே பத்தியின் ஓரத்தில் நீரியல் பேராசிரியர் எழுதியிருக்கிறார்: "41 பேரிடம் பேசியதை வைத்து எதையும் நிறுவ முடியாது. மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? பிழை வரம்பு எங்கே?" சமூகவியல் பேராசிரியர் எழுதியிருப்பது: "56 விழுக்காட்டினர் என்று சுருக்கிவிட்டீர்களே, அவர்கள் பேசியது எங்கே போயிற்று?"

நடந்தது இதுதான். மூன்று ஆண்டுகள், மாதம் ஒரு முறை, 62 கிணறுகளில் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டத்தை நானே அளந்தேன். மோட்டார் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும் என்பதால் விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். மழையளவைக் கழித்துப் பார்த்தால் சரிவு எதுவும் தெரியவில்லை, பி-மதிப்பு (சரிவே இல்லாவிட்டாலும் இவ்வளவு மாற்றம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் அதே கிணறுகளை வைத்திருக்கும் விவசாயிகள் 41 பேரில் 23 பேர், பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு "தண்ணீர் போய்விட்டது" என்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொண்டு சொன்னதாகவும் தெரியவில்லை.

அவர்கள் சொல்வது பொய் என்று எழுத மனம் வரவில்லை. என் அளவீடு தவறு என்று எழுதவும் முடியவில்லை. இரு துறைகளுக்கு நடுவே வேலை செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் – துகள் இயற்பியல் தரவுப் பகுப்பாய்வாளர்

0.05 என்ற எல்லையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கிணறு எனக்குத் தெரியாது. அந்த எண்ணை இயற்கை வகுத்துக் கொடுக்கவில்லை. 1925இல் வெளியான தம் நூலில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லையாக எடுத்துக்கொண்டார். எங்கள் துறையில் அதை வைத்துக்கொண்டு யாரும் வாயே திறக்க மாட்டார்கள். 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது கேட்கப்பட்டது ஐந்து சிக்மா. அதாவது துகளே இல்லாவிட்டால், வெறும் தற்செயலால் தரவு வரைபடத்தில் அவ்வளவு பெரிய மேடு தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைக் கேட்டு இயற்பியலாளர்கள் மற்றவர்களைவிடக் கறாரானவர்கள் என்று எண்ண வேண்டாம். நாங்கள் அடிபட்டுக் கற்றவர்கள். ஆயிரம் இடங்களில் தேடினால் எங்காவது ஒரு மேடு தற்செயலாகவே தென்படும். 2015 டிசம்பரில் 750 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே, ஒரே மோதுவியில் தனித்தனியாக இயங்கும் இரண்டு கருவிகளிலுமே மேடு தெரிந்தது. அதை விளக்கி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. அடுத்த ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு கரைந்துபோனது. 2011இல் நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாகக் காட்டிய அளவீட்டுக்குப் பின்னால் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு இருந்தது. இத்தனைக்கும் புள்ளியியல்படி அந்த முடிவு மிக வலுவானது.

ஒரு துறையின் விதி அந்தத் துறை எங்கே ஏமாந்தது என்பதிலிருந்து வருகிறது. உங்கள் நெறியாளர்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த விதியைப் பின்பற்றாமல் உங்கள் துறை எங்கே தவறிற்று?" விதியைவிட அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

பதில் – புள்ளியியல் ஆலோசகர்

0.05க்குக் கீழே வரவில்லை என்பதற்குச் சரிவு இல்லை என்று பொருள் அல்ல. "காணவில்லை" என்பதை "இல்லை" என்று எழுதுவதை வாரத்துக்கு ஒரு ஆய்வேட்டிலாவது திருத்துகிறேன், இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு கிணற்றுக்கு 36 அளவீடுகள். அதில் பருவ ஏற்ற இறக்கமே பெரும்பங்கு. எவ்வளவு சிறிய சரிவை இந்தத் தரவால் கண்டுபிடித்திருக்க முடியும் என்று கணக்கிட்டு, நம்பக இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளோடு) கொடுங்கள்.

இன்னொன்று. 62 கிணறுகளையும் ஒரே குவியலாக வைத்தா பார்த்தீர்கள்? 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வு பெரும்பாலும் மறைந்தது. போட்டி கடுமையான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். மொத்தக் கணக்கு ஒன்றைச் சொல்லி, பிரித்த கணக்கு வேறொன்றைச் சொல்வது இப்படித்தான். ஆழ்துளைக் கிணற்றுக்கு அருகில் உள்ளவை, தொலைவில் உள்ளவை என்று பிரித்துப் பாருங்கள்.

பதில் – களஆய்வு மானிடவியலாளர்

உங்கள் கேள்வியில் ஒரு சொற்றொடர் என்னை நிறுத்திவிட்டது: "தண்ணீர் போய்விட்டது". அப்படிச் சொன்னவர்களிடம் எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டீர்களா? கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தா, பயிரைப் பார்த்தா, மோட்டாரின் சத்தத்தைக் கேட்டா? அவர்கள் உங்கள் அளவு நாடாவின் மொழியில் பேசியதாக நீங்களே வைத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் சமூகவியல் நெறியாளர் விழுக்காட்டைப் பார்த்துக் கோபப்பட்டதும் இதனால்தான் இருக்கும். 23 பேரை ஓர் எண்ணாக்கிய நொடியில் அவர்கள் எதை அளந்தார்கள் என்பது தொலைந்துவிடுகிறது.

நேர்காணலுக்கும் கறாரான விதிகள் உண்டு. புதிதாக எதுவும் வராமல் போகும் வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். யார் உங்களிடம் பேசவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் அந்த 41 பேரில் எத்தனை பேர்?

துணிவுக்காக ஒன்று சொல்கிறேன். எலினார் ஆஸ்ட்ரமின் 1965ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வும் நிலத்தடி நீரைப் பற்றியதுதான். கலிபோர்னியாவில் கடல்நீர் உட்புகுந்துகொண்டிருந்த ஒரு நீர்ப்படுகையை, நீர் இறைப்பவர்கள் வழக்குகள் வழியாகவும் பேச்சுவார்த்தை வழியாகவும் எப்படிக் காத்தார்கள் என்று ஆராய்ந்தார். அரசியல் அறிவியல் படித்த அவருக்கு 2009இல் பொருளியலுக்கான நோபல் கிடைத்தது. நீரியல் அளவீடும் மனிதர்களின் பேச்சும் ஒரே ஆய்வில் இருக்கலாம். எது எந்தக் கேள்விக்கான சான்று என்று தெளிவாக இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர் – மூன்று வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. முதலில் என் ஒலிப்பதிவுகளை மறுபடி கேட்டேன். பிறகு அந்த 23 பேரில் 17 பேரை நேரில் சந்தித்து, மானிடவியலாளர் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன்.

அவர்கள் யாரும் மட்டத்தைச் சொல்லவில்லை. முன்பு மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடுமாம், இப்போது இரண்டு மணி நேரத்தில் காற்றை இழுக்கிறதாம். கிணறு ஊறுவதற்கு முன்பு ஒரு இரவு போதும், இப்போது இரண்டு நாள் வேண்டும் என்றார்கள். நானோ மோட்டார் ஓடாத கிணறாகப் பார்த்து, விடியற்காலையில், நீர் முழுதாக ஊறி நின்ற பிறகு மட்டுமே அளந்திருக்கிறேன். நாடா காட்டியது நின்ற மட்டத்தை. அவர்கள் சொன்னது ஊறும் வேகத்தை. மூன்று ஆண்டுகள் இது என் கண்ணில் படவில்லை என்பதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

கிணறுகளைப் பிரித்தும் பார்த்தேன். அருகில் உள்ள 19 கிணறுகளில் மட்டும் சிறிய சரிவு தெரிகிறது, ஆனால் நம்பக இடைவெளி அகலமாக இருப்பதால் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். 41 பேரில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் மூவர்தான். இந்தக் குறையை இயலின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். நீரியல் நெறியாளர் இப்போது ஊறும் வேகத்தை அளந்து வரச் சொல்கிறார். எந்த முறையில் அளப்பது?

பதில் – நீர்வளப் பொறியாளர்

மோட்டாரை நிறுத்திய நொடியிலிருந்து மட்டம் ஏறுவதைக் குறியுங்கள்: முதல் பத்து நிமிடங்களுக்கு நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். குழாய்க் கிணறு என்றால் 1935இல் நீரியலாளர் சார்லஸ் தைஸ் தந்த மீட்சி முறை (மட்டம் திரும்ப ஏறுவதை வைத்துக் கணக்கிடுவது) போதும். அகலமான திறந்த கிணறு என்றால், உள்ளே தேங்கிய நீரையும் கணக்கில் சேர்க்கும் பாப்படோபுலஸ், கூப்பர் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1967இல் வந்தது. பக்கத்து ஆழ்துளைக் கிணறு ஓடும் நாளில் ஒரு முறையும் ஓடாத நாளில் ஒரு முறையும் அளந்துவிடுங்கள். அது எப்போது ஓடுகிறது என்பதை அந்த 17 பேரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.