இலங்கையின் ஹிக்கடுவைக் கடற்கரையில் உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒன்று

அலைவாயான்:
பவளப்பாறைப் பூங்காவை எல்லோரும் அறிவீர்கள், ஆகவே நேராக விடயத்துக்கு வருகிறேன். முழங்கால் அளவு நீருக்கு ஆமை வந்ததும், அதற்குக் கடற்பாசியை நீட்டிப் படம் எடுக்க ஒரு குடும்பமே பாறைமேல் ஏறி நின்றது. அவர்களுள் ஒரு சிறுவன் முறிந்த பவளக் கிளையொன்றை எடுத்துக் காட்ட, தந்தையார் அதைக் கவனமாகத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். 1979இலிருந்து சரணாலயம், 2002இலிருந்து தேசியப் பூங்கா. இருந்தும் அருகில் நின்ற, அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகின் படகுக்காரர் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தத் துவாய்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தென்கரைப் பயணி:
படகுக்காரரை நோவது எளிது, நண்பரே. 1998இல் கடல் நீர் சூடேறியபோது அங்கிருந்த பவளத்தில் பெரும்பகுதி வெளிறி மடிந்துவிட்டது. ஒரு சிறுவனின் கைக்கிளையால் கெட்டதன்று அது. எனக்கு அங்கே மறக்க முடியாதது கடலன்று, அருகிலுள்ள பெரேலிய ஊரின் தண்டவாளம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் முதல் அலையில் நின்றுபோன மாத்தறைப் புகையிரதத்தைப் பாதுகாப்பான இடமென்று நம்பி ஊரார் பலர் ஏறிக்கொண்டார்கள். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைப் புரட்டியதில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். நினைவிடத்தில் நான் நின்றிருந்த வேளையில் ஒரு புகையிரதம் கடந்தது. சன்னலோரம் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து நின்று, ஊர் கடக்கும்வரை அமரவே இல்லை.

மிளகாய்த்தூள்:
அருகிலுள்ள சீனிகமவின் தெய்வக் கோயிலை ஒருவரும் சொல்லவில்லையே! கரைக்குச் சற்று அப்பால் உள்ள அந்தத் திட்டில், களவு கொடுத்தவர்கள் மிளகாயும் மிளகும் அரைத்துத் தெய்வத்திடம் முறையிடுவது வழக்கம். நான் கண்ட அம்மையார் அரைத்து முடித்த பின்பும் அம்மியை விட்டு எழவில்லை. என்ன பறிகொடுத்தாரோ, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கல்லும் கடலும்:
தென்கரைப் பயணிக்கு ஒரு மறுப்பு. பவளம் மடிந்தாலும் பாறை நிற்கும். அலையின் வேகத்தை வாங்குவது அந்தப் பாறைதான். ஆழிப்பேரலைக்குப் பின் ஆய்வாளர்கள் அளந்தபோது, பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரத்தோடு ஏறத்தாழ 50 மீற்றர் தூரமே உள்ளே வந்திருந்தது. பவளம் தோண்டி எடுக்கப்பட்டிருந்த பெரேலியவிலோ 10 மீற்றர் அலை ஒன்றரைக் கிலோமீற்றர்வரை புகுந்திருந்தது. ஆகவே அந்தச் சிறுவனின் கிளையும் உங்கள் தண்டவாளமும் இருவேறு கதைகள் அல்ல. எனது அனுபவம் சிறிது: பாறையில் ஏற வேண்டாம் என்று ஓர் இளைஞரிடம் சொன்னேன், “கல்தானே” என்றார்.

செல்லவிருப்போருக்குச் சில சொற்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை செல்லுங்கள். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றில் நீர் கலங்கி ஒன்றும் தெரியாது. கொழும்புக் கோட்டையிலிருந்து புகையிரதத்தில் வலப்புறம் அமர்ந்தால் வழியில் பல இடங்களில் கடல் தெரியும். கண்ணாடிப் படகைவிட முகமூடி அணிந்து நீந்துவதே நன்று, ஆனால் பாறைக்கு மேலாக மிதக்குமளவு நீர் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள். ஆமைக்கு எதையும் ஊட்டாதீர்கள். அதற்கு வேண்டியதை அதுவே மேய்ந்துகொள்ளும்.

அலைவாயான்:
நான் வழி கேட்கவில்லை, ஐயா. இருப்பினும் அந்த 50 மீற்றர் கணக்கைப் படகுத் துறையில் பலகையாக எழுதி வைத்தால், படகுக்காரர் வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்காது.